ஹம் அடிக்கும் பாட்டு

மரக்காணத்தில் மைக்செட் தட்சணாமூர்த்தியைத் தெரியாதவர்கள் குறைவு. காதுகுத்து, கல்யாணம், கருமாதி, கட்சிக்கூட்டம், எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கரைத்தான் மரத்தில் கட்டுவார்கள். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் காலை வாரிவிட்ட பிறகு திண்டிவனத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாகக் கொஞ்ச காலம் இருந்தார். அங்கே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் தொழில். பெரிய வித்தைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவருடைய செட்டில் ஹம் இருக்காது. மைக்கில் யாரும் பேசாத நேரத்திலும் ‘ஊம்ம்’ என்று ஓர் அடிச்சத்தம் ஓடிக்கொண்டே இருக்குமே, அதற்குப் பெயர்தான் ஹம். எர்த் சரியாக இல்லாவிட்டால் வரும். பக்கத்துத் தெருவில் எவன் செட்டிலாவது அந்தச் சத்தம் கேட்டால்கூட இவருக்குச் சோறு இறங்காது.

நாற்பதைத் தாண்டியும் ஒண்டிக்கட்டையாகக் கிடந்த அந்த மனுஷனுக்கு 2005 வைகாசியில் மயிலம் கோயிலில் வைத்துத் தாலி கட்டும் யோகம் வந்தது. பெண் அம்சவள்ளி. அவளுடைய முதல் புருஷன் உப்பு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்து, மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தவன். அவன் போன பிறகு அம்சவள்ளி ஆரோவில் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போய்வந்தாள். இரண்டு பெட்டியும் ஒரு தையல் மிஷினுமாக அவள் வந்தபோது கூடவே வந்தாள் மகள் இலக்கியா. ஐந்தாம் வகுப்பு.

இலக்கியா தொல்லை இல்லாத பிள்ளைதான். எதிர்த்துப் பேச மாட்டாள், அடம் பிடிக்க மாட்டாள். ஆனால் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அப்பா என்றும் இல்லை, மாமா என்றும் இல்லை, ‘இந்தாங்க’ என்றுகூட இல்லை. சேதி ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். ‘சாப்பிட வரணுமாம்.’ ‘கல்யாண வீட்டுலேர்ந்து ஆள் வந்திருக்குது.’ எல்லாமே மொட்டைப் பேச்சு. கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று அம்சவள்ளி சொன்னாள். தட்சணாமூர்த்தி தலையாட்டிக்கொண்டாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு அது வலித்தது. ஊரில் யார் யார் பெயரையோ மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியவருக்கு, சொந்த வீட்டில் ஒரு பெயர் இல்லை. அந்தப் பிள்ளை ஒரு தடவை வாய் நிறையக் கூப்பிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது.

ஆடி பிறந்த சமயம், விடுதி வேலையை இன்னமும் விடாத அம்சவள்ளி ஒரு சிடி கொண்டுவந்தாள். விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பையன் ஒருவன் ஊருக்குக் கிளம்பும்போது இலக்கியாவுக்கு என்று கொடுத்தானாம். கோடை விடுமுறையில் அம்மாவோடு போனபோதெல்லாம் அவள் அவன் அறை வாசலிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்பாளாம். படம் எதுவும் இல்லாத வெள்ளை சிடி. இலக்கியா அதைக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டு, “இது பாடுமான்னு பாக்கணும்” என்றாள். சுவரிடம்தான் சொன்னாள். இருந்தாலும் அந்த வீட்டுக்கு வந்து அவள் கேட்ட முதல் விஷயம் அது.

தட்சணாமூர்த்தி கை துடைத்துக்கொண்டு ஓடிவந்து போட்டார். போட்டதும் முகம் சுருங்கிவிட்டது. டிக், டிக் என்று ஏதோ தட்டுகிற சத்தம். அதற்கு அடியில், சந்தேகமே இல்லை, ஹம். அதுவும் சாதாரண ஹம் இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. ஆடிக் கூழ் ஊற்றும் கோயில்களுக்கெல்லாம் செட் போக வேண்டிய நேரத்தில் இதென்ன சோதனை என்று பதறிப்போனார். ஏறி இறங்குவதைப் பார்த்தால் வோல்டேஜ் கோளாறாகவும் இருக்கும் போலிருக்கிறதே என்று கரண்ட் ஆபீஸ்காரர்களையும் நாலு வார்த்தை திட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் எர்த் பைப் புதைத்த குழி இருந்தது. தெரிந்த உப்பளக்காரர் ஒருவரிடம் ஒரு கூடை கல்லுப்பு வாங்கி, அடுப்புக் கரியோடு சேர்த்துக் குழியில் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். உப்பு நன்றாக ஊறினால் எர்த் பிடித்துக்கொள்ளும் என்பது அவருடைய தொழில் ரகசியம். உப்புக்குப் பஞ்சமா அந்த ஊரில்? இலக்கியா கொல்லைக் கதவோரம் நின்று, பாட்டுப் போடச் சொன்னதற்கு இந்த ஆள் ஏன் மண்ணுக்கு உப்புப் போடுகிறார் என்று விளங்காமல் பார்த்தாள்.

மறுநாளும் ஹம் போகவில்லை. வயரை மாற்றினார். பிளக்கைத் திருப்பிச் செருகினார். கடைசியில், அடிச்சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பேஸ் குமிழை இடப்பக்கம் முழுசாகத் திருகினார். அடிச்சத்தம் அடங்கி, டிக் டிக் மட்டும் சுத்தமாகக் கேட்டது. சாதித்துவிட்ட சந்தோஷத்தில் அவளைக் கூப்பிட்டார்.

“இப்ப கேளு கண்ணு. எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்குது பாரு.”

இலக்கியா காதை ஸ்பீக்கர் பெட்டியில் வைத்துக் கேட்டாள். “இதுல அது இல்ல” என்றாள். சிடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அந்தச் சுவர்ப் பேச்சும் நின்றுபோயிற்று.

செய்ததெல்லாம் நல்லது என்று நினைத்துத்தானே செய்தார்? எங்கே பிசகினோம் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. அம்சவள்ளியிடம் கேட்டார். அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். விடுதியில் இதைத்தான் பகல் முழுக்கப் போடுவார்கள், பாடுவதற்கு ஆளே இருக்காது, அந்த ஊம் ஊம்தான் பாட்டாம், அதற்குத்தான் ஆடுவார்களாம் என்றாள். தட்சணாமூர்த்தி நம்பவில்லை. ஒரு கோளாறை வேலை மெனக்கெட்டு எவனாவது சிடி போடுவானா? இந்தப் பிள்ளைக்குத்தான் அதில் என்ன இருக்கிறது? எவ்வளவு யோசித்தும் தலைகால் புரியவில்லை. ஆனால் புரியாமல் விட்டால் பிள்ளையை விட்டதாகிவிடும் என்று மட்டும் தெரிந்தது.

அம்சவள்ளிக்குச் சித்தப்பா மகள் ஒருத்தி, வானூர்க்காரி, அருள்மொழி என்று பெயர். ஆரோவிலில் ஒரு அரங்கத்தில் சவுண்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இலக்கியாவை டிவிஎஸ்ஸில் உட்கார வைத்துக்கொண்டு அங்கே போனார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று தள்ளியது. பின்னால் இருந்த பிள்ளை அவர் சட்டையைப் பிடிக்காமல் கேரியர் கம்பியையே பிடித்துக்கொண்டு வந்தாள்.

அருள்மொழி சிடியைக் கேட்டுவிட்டு, இதற்கு டெக்னோ என்று பெயர், மிஷினிலேயே செய்கிற ஆட்டப் பாட்டு என்றாள். அலமாரியிலிருந்து ஒரு சிந்தசைசரை எடுத்துவைத்தாள். பார்க்க ஆர்மோனியத்துக்கு ஏகப்பட்ட குமிழ்கள் முளைத்த மாதிரி இருந்தது. இடது ஓரத்துக் கட்டை ஒன்றை அழுத்தினாள். ஆள் உயரப் பெட்டியிலிருந்து வந்த சத்தம் தட்சணாமூர்த்தியின் காதுக்கு வரவில்லை, நேராக நெஞ்சுக்கூட்டுக்குள் வந்தது. அவர் கை தானாக மார்பைப் பிடித்துக்கொண்டது.

“இதுக்குள்ள நரம்பும் இல்ல, தோலும் இல்ல மாமா. கரண்ட்டையே ஆட விடுறது. வேகமா ஆடுனா மெல்லிசு, மெதுவா ஆடுனா தடிச்ச சத்தம்.”

“அப்ப இது ஹம்தானம்மா?”

“ஹம்தான் மாமா. ஆனா நாம சொன்ன பேச்சக் கேக்குற ஹம்.”

இலக்கியாவை ஒரு குமிழைத் திருப்பச் சொன்னாள். இவள் மெல்லத் திருப்ப, போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தது வாயைத் திறந்து கத்துகிற மாதிரி அந்தத் தடித்த சத்தம் விரிந்தது. திரும்ப மூடினாள். திறந்தாள். பாதியில் நிறுத்தினாள். பிறகு ஒரு கட்டையை விட்டு இன்னொரு கட்டைக்குத் தாவி, அதையே திரும்பத் திரும்ப வாசித்தாள். மதியம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை. தட்சணாமூர்த்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை வீட்டில் அவர் பார்த்ததே இல்லை. அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஊருக்கு வந்ததும் பெட்டி செய்யும் படலம் ஆரம்பித்தது. குழாயில் பேஸை ஏற்றினால் உள்ளே சத்தம் எழுப்பும் யூனிட் கிழிந்துவிடும். அதனால்தான் இத்தனை வருஷமாக அந்தக் குமிழைக் கண்டாலே இடப்பக்கம் திருகுவார். இப்போது பழைய பீரோ பலகையை அறுத்து, பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தி, வலப்பக்கம் திருகிப் பார்த்தார். இலக்கியா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். இல்லை என்று தலையாட்டுவாள். அவர் பிரித்து மறுபடி பூட்டுவார். எது இல்லை, எது இருக்க வேண்டும், அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தலை ஆடுகிற பக்கம் பார்த்து வேலை செய்தார். பலகை அதிராமல் இருக்க மேலே உப்பு மூட்டையை ஏற்றி வைத்த அன்றைக்குத்தான் தலை மேலும் கீழுமாக ஆடியது. அந்த உப்பளக்காரர் வந்து, வீட்டுக்குள் ஆயில் இன்ஜின் ஏதும் ஓட்டுகிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். பேச்சு மறுபடி வந்தது, சுவர் வழியாகத்தான். ‘இன்னும் கொஞ்சம் ஏத்தணும்.’ ‘அது போதும்.’

மாசியில் பள்ளிக்கூட ஆண்டு விழா. வழக்கம்போல இவர் செட்தான். நாலு பிள்ளைகள் ஆட, இலக்கியா தன் சிடியைக் கொடுத்திருந்தாள். அவள் ஆடவில்லை, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பாட்டு ஆரம்பித்தது. பெட்டி உறுமியது. மைதானத்தில் இருந்த அத்தனை தலையும் மைக்செட் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் தொழில் போட்டிக்காரர் குழந்தைசாமி, மாட்டிக்கொண்டாயா என்கிற மாதிரி சிரித்தார். தட்சணாமூர்த்திக்கு அந்தச் சிரிப்பு சுட்டது. இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெயர். கை தன்னால் குமிழை நோக்கிப் போனது. இலக்கியா அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

தலைமையாசிரியர் பக்தவச்சலம் வேகமாக வந்தார். “என்னங்க இது, உங்க செட்டுலயா ஹம்மு? கோளாறா?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

தட்சணாமூர்த்தி பெட்டியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். கோளாறு என்றால் பிள்ளை போய்விடும். இல்லை என்று சொல்லலாம் என்றால், அது ஏன் கோளாறு இல்லை என்று அவருக்கே இன்னமும் விளங்கவில்லை.

ஸ்டூலில் இருந்து இலக்கியா எழுந்தாள்.

“கோளாறெல்லாம் இல்ல சார். பாட்டே அதான். எங்க அப்பாவுக்கே ஒண்ணும் புரியல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குழந்தைசாமி தொடையில் தட்டிச் சிரித்தார். தலைமையாசிரியரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இலக்கியா தான் என்ன சொன்னோம் என்பதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. உட்கார்ந்து பழையபடி தாளத்துக்குக் காலாட்ட ஆரம்பித்தாள்.

தட்சணாமூர்த்திக்குத் தான் மானம் போய் நிற்கிறோமா, மாலை போட்டு நிற்கிறோமா என்று புரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து, வயரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வயரில் ஒன்றும் இல்லை.