உள்ளே இருந்த ஓட்டை

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் ஒரு வார்ப்படப் பட்டறை நடத்துகிறோம். உருக்கிய இரும்பை மண் அச்சில் ஊற்றி, பம்பு உறை போன்ற உதிரிபாகங்கள் செய்வோம். போர்வெல் வண்டிகளில் குழாய் தூக்கும் கொக்கிகளையும் வார்த்து விற்றோம்.

ஒரு காலையில் போர்வெல் ரிக் வண்டிக்காரர் ஒருவர் வந்து, இரண்டாக உடைந்த கொக்கியை என் மேஜையில் வைத்தார்.

"ஏனுங்கக்கா, இது உங்க பட்டறைச் சாமானுங்களா?"

"ஆமாங்க."

"நேத்துக் குழாயத் தூக்கயில படீர்னு போயிருச்சுங்க. கீழ நின்ன ஆளு ஒரு சாண் தள்ளி நின்னதால தப்பிச்சாரு."

வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். உடைந்த இடத்தில் துவரம்பருப்பு அளவு ஓட்டை. ஊற்றும்போது காற்று சிக்கியிருக்கிறது. வெளியே வழவழவென்று இருந்ததைத் தடவிப் பார்த்து அனுப்பியது நான்தான்.

"இன்னுங் கொஞ்சம் தடிமனா வார்த்துரலாம்" என்றார் கணவர்.

"உள்ள ஓட்டை உழுந்தா தடிமன் என்னங்க பண்ணும்? வித்ததையெல்லாம் திருப்பி வாங்கோணும்."

வாங்கியவர் ஒவ்வொருவரையும் போனில் அழைத்தேன். ஒருவர் சிரித்தார். நாமகிரிப்பேட்டைக்காரர் தர மறுத்தார். நேரில் போய், அவர் வண்டியிலிருந்து கழற்றும்வரை நகரவில்லை.

பிறகு சேலத்தில் ஒரு சம்மட்டிப் பட்டறையைத் தேடிப் பிடித்தேன். அங்கே எஃகுக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, இயந்திரச் சம்மட்டியால் அடித்து உருவாக்குவார்கள்.

"அடிச்சு வளைச்சா, மரத்துல இருக்கற மாதிரி எஃகுக்குள்ள இருக்கற இழையும் கொக்கியோடவே வளைஞ்சு வருமுங்க. அதுதான் பலம்" என்றார் பட்டறைக்காரர்.

ஆனால் முதலில் அடித்த கொக்கிகளில் மயிரிழை விரிசல். அவசரத்தில் சூடு இறங்கிய பிறகும் அடித்திருந்தார்கள். அத்தனையையும் ஒதுக்கச் சொன்னேன்.

"இன்னொருக்கா அடிங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

நின்றேன். ஆரஞ்சு நிறம் மங்கி இருண்ட சிவப்பாகும் போதெல்லாம், "போதுமுங்க, அடுப்புல வைங்க" என்றேன். மாலைக்குள் தொண்டை கட்டிவிட்டது. பிறகு எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, நொறுங்கும் தன்மை குறைய மறுபடி மிதமாகச் சூடேற்றினார்கள்.

ஒன்றைச் சங்கிலியில் மாட்டி, தாங்க வேண்டிய பாரத்துக்குப் பல மடங்கு இழுத்தோம். கொக்கி மெல்ல வாய் திறந்தது; உடையவில்லை. கீழே நிற்பவர் விலகிக்கொள்ள அந்த நேரம் போதும்.

ஜேடர்பாளையத்தில் அதே ரிக் வண்டியில் புதுக் கொக்கியை மாட்டிய அன்று நானும் போனேன். முன்பு தப்பித்த ஆளும் அங்கே இருந்தார். முதல் குழாய் ஏறி நின்றதும் என்னைப் பார்த்து, "நல்லாருக்குதுங்கக்கா" என்றார்.

பம்பு உறைகளை இன்றும் வார்க்கிறோம். கொக்கியை மட்டும் அடித்துத்தான் செய்கிறோம்.