மூன்றரைக்கு மேல் கூப்பிடுங்கள்

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை ஆனதும் அம்மா ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுப்பாள். மறுமுனையில் அவள் தங்கை, என் சித்தி. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மார்க்கெட் முடிஞ்சுதா கண்ணு?" அடுத்தது, "பச்சையா, செவப்பா?" பச்சை என்றால் லாபம், சிவப்பு என்றால் நட்டம். பங்குச் சந்தையைப் பற்றி அம்மா கற்றுக்கொண்டது இந்த இரண்டு நிறங்களை மட்டும்தான். பச்சை நாளில் பேச்சு ஊர்க்கதைகளுக்குப் போய்விடும். சிவப்பு நாளில் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டாள். அன்று சாயங்காலமே இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலைத் தனியாக ஒரு தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, கோவை வடவள்ளியிலிருந்து பி.என்.புதூருக்கு பஸ் ஏறிவிடுவாள். சித்தி அங்கே ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள்.

சித்தியின் கல்யாணம் சீக்கிரமே முறிந்துபோனது. அதன்பிறகு பங்குத் தரகர் ஒருவரின் அலுவலகத்தில், வாடிக்கையாளர்கள் போனில் சொல்வதை வாங்கியும் விற்றும் கொடுக்கிற வேலையில் சேர்ந்தாள். எல்லோரும் செல்போனிலேயே வாங்கி விற்கத் தொடங்கியதும் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். இவள் வீட்டில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு தன் சொந்தப் பணத்தில் தினசரி வணிகம் செய்ய ஆரம்பித்தாள். காலையில் வாங்கியதை அன்றைக்கே விற்றுவிட வேண்டும்; எதையும் ராத்திரிக்கு மிச்சம் வைக்கக் கூடாது. அதுதான் அவள் தொழில். என் அப்பா தேங்காய் வியாபாரி. கண்ணால் பார்க்காத சரக்கை வாங்கி விற்பது அவருக்குச் சூதாட்டமாகத்தான் பட்டது. கோபிசெட்டிபாளையத்துச் சொந்தங்களின் கல்யாண வீடுகளில், "தங்கச்சி என்னங்க பண்றா?" என்று யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு சொல்வாள்: "சொந்தத் தொழிலுங்க."

கல்லூரி விடுமுறைகளில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். காலை எட்டரைக்கெல்லாம் குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, அலுவலகத்துக்குப் போகிறவளைப் போலச் சேலை கட்டி உட்கார்ந்துவிடுவாள். ஒரு பங்கை வாங்குவதற்கு முன்பே, விலை எவ்வளவு இறங்கினால் தன் கணக்குத் தப்பு என்று ஒத்துக்கொள்வது என முடிவு செய்துவிடுவாள். விலை அங்கே வந்தால் மறுயோசனை கிடையாது, விற்றுவிடுவாள். விற்ற பிறகு அந்தப் பங்கு எங்கே போனது என்று திரும்பிப் பார்த்ததே இல்லை. "வாங்கினதுக்காக அது நம்ம மேல பாசமா இருக்குமா என்ன? நாம ஒருத்தி இருக்கறதே அதுக்குத் தெரியாது கண்ணு" என்பாள். ஜெயித்தாலும் தோற்றாலும் முகத்தில் எதுவும் தெரியாது. மெச்சவோ திட்டவோ மேலதிகாரி இல்லை. பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை. அப்படி ஒரு நாளை முழுக்க வாயைத் திறக்காமல் கழித்தவளுக்கு மூன்றரை மணி அழைப்பு எவ்வளவு பெரியது என்று, தனியாக பெங்களூரில் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த நேரத்தை விதியாக்கியவள் அம்மா. ஒருநாள் நண்பகலுக்கு முன், மருதமலைக்குப் போகலாமா என்று கேட்க அம்மா கூப்பிட்டிருக்கிறாள். சித்தி அப்போது கையிலிருந்த பங்குகளை விற்கப் போய்க்கொண்டிருந்தாள். பேச்சுக் கவனத்தில் விற்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டாள். முதல் முறை அழுத்தியதில் கையில் இருந்தது விற்றுப்போனது. இரண்டாவது முறையில் கையில் இல்லாததையும் விற்றுவிட்டாள். இல்லாததை விற்றால் அன்றைக்கே திரும்ப வாங்கிக் கொடுத்தாக வேண்டும். விலையோ ஏறிக்கொண்டே போனது. கவனித்தபோது பல வாரங்களின் உழைப்பு போயிருந்தது. சித்தி அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அம்மாதான் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னால அவ சோத்துல மண்ணு உழுந்துபோச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அதற்குப் பிறகு சந்தை நேரத்தில் அவள் தங்கையைக் கூப்பிட்டதே இல்லை. பிறரையும் விடவில்லை. சொந்தக்காரர் யார் சித்தியின் எண்ணைக் கேட்டாலும், எண்ணோடு சேர்த்து, "மூணரைக்கு மேல கூப்பிடுங்க" என்றும் சொல்லித்தான் கொடுப்பாள். "அவசரம்னா எப்ப வேணா கூப்புடுங்கக்கா, நான் என்ன கலெக்டரா?" என்று சித்தி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "எனக்கென்ன அவசரம் வரப் போகுது, நீ வேலையப் பாரு சாமி" என்பதுதான் அம்மாவின் பதில்.

சந்தையின் நாட்காட்டி பம்பாயினுடையது. நம் பொங்கலுக்கு அங்கே விடுமுறை கிடையாது. ஒரு மாட்டுப் பொங்கலன்று வீடே சித்திக்காக இலை போட்டுக் காத்திருக்க, மூன்றரைக்கு மேல் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். "ஊரே மாட்டுக்குப் பொங்க வெக்குது, அம்மணி மட்டும் பம்பாய்க் காளைக்குக் கொம்பு சீவிப்போட்டு வருது" என்றார் அப்பா. பங்குச் சந்தைக்குச் சின்னம் காளை என்று எங்கோ கேட்டிருந்தார். "அந்தக் காளை படுத்துட்டா உங்க தேங்கா வெலையும்தான் உழுகும், சும்மா இருங்க மாமா" என்று சித்தி திருப்பிக் கொடுத்தாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நமக்குப் பண்டிகையே இல்லாத சில நாட்களில் சந்தை மூடியிருக்கும். அந்த நாட்களை முன்கூட்டியே சொல்லிவிடுவது சித்தியின் வழக்கம். காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு மார்ச் மாதம், ஹோலி வந்தது. கோவையில் அது சுக்கிரவார்பேட்டைப் பக்கம் வடக்கத்திக் குடும்பங்கள் சாயம் தூவிக்கொள்ளும் நாள். வடவள்ளியில் சாதாரண வேலை நாள். அந்த முறை விடுமுறையைச் சொல்ல சித்தி மறந்துவிட்டாள். திரைச்சீலைகளைத் துவைத்துப் போடலாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அம்மாவுக்கு வலி தொடங்கியது காலையில். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அன்று நடந்தது எங்களுக்குத் தெரியும். தாடையும் இடது தோளும் இழுக்கிறது என்றிருக்கிறாள். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தைக் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறாள். அப்பா லோடு ஏற்ற உடுமலைப்பேட்டை போயிருந்தார். நான் பெங்களூரில். மதியம் வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு அந்த அக்கா கேட்டிருக்கிறார்: "ஏனுங்கக்கா, தங்கச்சியக் கூப்புடட்டுங்களா?"

"வேண்டாங்க கண்ணு. அவளுக்கு மார்க்கெட் நேரம். மூணரை ஆவட்டும்."

படுத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாளாம். மூன்றரைக்குத் தானே போனை எடுத்தாள். அதன் பிறகு பேசியதை சித்தி ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள். வழக்கம் போலத்தான் அம்மா தொடங்கியிருக்கிறாள்: "மார்க்கெட் முடிஞ்சுதா கண்ணு?"

"இன்னைக்கு லீவுங்கக்கா. ஹோலி. சொல்ல மறந்துபோட்டேன்."

"அப்படியா சாமி, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றிருக்கிறாள் அம்மா. "முடிஞ்சா கொஞ்சம் வாரயா? ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குது."

சித்தி பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் வெளியே வந்த டாக்டர், "காலையிலயே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, சித்தியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாராம். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சித்தி வராந்தா பெஞ்சில் அம்மாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணினி அமைப்புகள் பழுதானால் சரிசெய்யும் குழுவில் எனக்கு வேலை. ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் நடந்ததை வரிசையாக எழுதுவோம். யார் தவறு என்று எழுத மாட்டோம், எந்த இடத்தில் எது அடைத்தது என்று மட்டும் எழுதுவோம். காரியங்கள் முடிந்த பின், கை சும்மா இருக்க முடியாமல், அம்மாவின் அந்த நாளையும் அப்படி எழுதிப் பார்த்தேன். ஒன்று, வலியை வாயு என்று நினைத்தாள். இரண்டு, லோடு ஏற்றும்போது பதறுவார் என்று அப்பாவைக் கூப்பிடவில்லை. மூன்று, ஆபீசில் இருப்பேன் என்று என்னைக் கூப்பிடவில்லை. நான்கு, சித்திக்கு மார்க்கெட் நேரம். ஐந்து, வீட்டில் சும்மா இருந்த சித்தியே ஏன் கூப்பிடவில்லை? அவளைக் கேட்டபோது, "மூணரைக்கு அக்காவே கூப்புடுவாங்கல்ல, அப்பப் பேசிக்கலாம்னு இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. எந்த வரியிலும் பழுது என்று ஒன்று கிடைக்கவில்லை. ஒருவருக்கொருவர் இடைஞ்சல் தராமல் இருந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சித்தி பல மாதங்கள் திரைகளைத் திறக்கவே இல்லை. அந்தத் தொழிலே வேண்டாம், உயிரைக் குடித்துவிட்டது என்று அவள் காதுபடவே உறவுகள் பேசின. வாடகையும் அரிசியும் அதிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் மறுபடி உட்கார்ந்தாள். இப்போது போன் விசைப்பலகையை ஒட்டியே இருக்கிறது, உச்ச சத்தத்தில். கடன் வேண்டுமா என்று கேட்கிற முன்பின் தெரியாத குரல்களுக்குக்கூட சந்தை ஓடும்போதே பதில் சொல்கிறாள். எண்ணைப் பார்த்து எடுக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "யாரோட போன்ல இருந்து யாரு கூப்புடறாங்கன்னு எப்படித் தெரியும் கண்ணு?" என்றாள்.

போன மாதம் விடுப்பில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலை பதினொன்று இருக்கும். அவள் வாங்கியிருந்த பங்கு இறங்கத் தொடங்கியது. கை மவுசுக்குப் போனது. அப்போது போன் அடித்தது. மவுசை விட்டுவிட்டு முதல் மணியிலேயே எடுத்தாள். அப்பா. குரல் எனக்கும் கேட்டது.

"அம்மணி, பெருங்காய டப்பா எங்க இருக்குது?"

"அடுப்புக்கு மேல ரெண்டாவது தட்டுலீங்க மாமா. கடுகுக்குப் பக்கத்துல."

"ஆ, இருக்குது இருக்குது." அவர் தேடியதாகவே தெரியவில்லை. போனை வைக்கவும் இல்லை. திரையில் எண்கள் சிவந்து, அவள் முன்பே முடிவு செய்திருந்த விலையையும் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தன. அவள் பார்க்கவில்லை.

"சாப்பிட்டயா?"

"இன்னும் இல்லீங்க. மார்க்கெட் ஓடுது."

"அட, ஆமா. மார்க்கெட் நேரமில்ல? நான் வெச்சர்றேன், நீ வேலையப் பாரு."

சித்தி போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெச்சராதீங்க மாமா. சும்மா எதாச்சும் பேசுங்க."