பத்துக்கு ஒன்பது

லேபிள்காரருக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறப்பதற்குள் காது சிவந்துவிடும். ஆனால் அச்சடிக்கச் சொன்னால் எதையும் அச்சடிப்பார். முப்பது வருடமாக ஒரே அச்சகத்தில் பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் லேபிள் அடிக்கிறவர். 'வீட்டிலேயே செய்தது' என்று அவர் அடித்த ஜாம் லேபிள் லட்சத்தைத் தாண்டியிருக்கும். எந்த வீடு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவருடைய மனைவி தையல் மெஷின் மெக்கானிக். கண்ணால் பார்த்ததைக்கூட ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். போன வருடம் அவள் ஒரு டிரெய்லரை வாங்கிப் பட்டறையாக மாற்றினாள். அதைப் பழைய பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு, தையல் ஆலைகள் இருக்கும் இடத்துக்கே போய் வேலை பார்க்கிறாள். வீட்டையும் அவள்தான் அளந்து நடத்துகிறாள். அப்படித்தான் ஒருநாள் கணவரின் வயிற்றைப் பார்த்துவிட்டு, குளியலறையில் ஒரு எடை மெஷினைக் கொண்டுவந்து வைத்தாள். ஞாயிறு காலை இரண்டு பேரும் ஏறிப் பார்க்க வேண்டும். முள் முதல் நாள் காட்டியதைவிடக் குறையவில்லை என்றால் அந்த வாரம் கேக் கிடையாது.

முதல் மூன்று வாரம் கேக் இல்லை. லேபிள்காரர் வாடிப்போனார். நாலாவது வாரம் எடை மெஷினின் கண்ணாடியைக் கழற்றி, எண்கள் இருந்த வட்டக் காகிதத்தை அச்சகத்துக்கு எடுத்துப்போனார். அதே எழுத்து, அதே மை, ஓரத்தில் இருந்த குட்டி முத்திரைகூட அதே. கோடுகளின் இடைவெளி மட்டும் கொஞ்சம் அகலம். ஒரேயடியாகக் குறைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று மாதத்துக்கு ஒன்றாக மூன்று வட்டம் அடித்தார். மூன்றாவதில் தொண்ணூறு கிலோ மனிதர் எண்பத்தொன்று ஆனார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தொழில் சுத்தம்.

அதே மெஷினில் மனைவியும் ஏறுகிறாள் என்பது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. எழுபது அறுபத்துமூன்று ஆனதும் அவள் தங்கச்சிக்குப் போன் போட்டு, "ஒண்ணுமில்லடி, தினமும் நடக்கிறேன், அவ்வளவுதான்" என்று ஒரு மணி நேரம் பேசினாள். அந்தக் குரலைக் கேட்டு லேபிள்காரருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன வாரம் டிரெய்லர் நடுரோட்டில் வாலை ஆட்டியது. பயந்துபோய் முப்பதுக்கு மேல் ஓட்டாமல் வீடு வந்து சேர்ந்தாள். இன்று மலை இறங்கி ஓர் ஆலைக்குப் போக வேண்டும். அதனால் காலையிலேயே வாசலில் வேலை தொடங்கியது. முதலில், பிக்கப்பின் பின்னால் டிரெய்லரின் மூக்கு வந்து உட்காரும் கொக்கிப் பந்தை ஒரு துளை கீழே இறக்கி, டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தாள். அப்புறம், "மூக்குல பாரம் போதலைங்க. அதான் பின்னாடி ஆடுது. அளந்துடலாம், அந்த எடை மெஷினைக் கொண்டாங்க" என்றாள்.

லேபிள்காரர் வாசல்படியைவிட்டு நகரவில்லை. "எதுக்கும்மா அது? குத்துமதிப்பா வைக்கலாமே."

"குத்துமதிப்பா வச்சுதானே போன வாரம் ஆடுச்சு?"

கொண்டுவந்தார். ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையை எடை மெஷின் மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் டிரெய்லரின் மூக்கை இறக்கினாள். முள் அறுபதில் நின்றது. "மூணால பெருக்கினா நூத்தி எண்பது. கொக்கி நூத்தித் தொண்ணூறு வரைக்கும் தாங்கும். இன்னும் பத்து கிலோ ஏத்தலாம்" என்று சொல்லிவிட்டு, பின்னால் இருந்த, சாமான்களை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸை முன்னுக்கு இழுத்துப் போட்டாள்.

"கூடிப்போனா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார் அவர்.

"பிக்கப் பின்னாடி உட்கார்ந்துடும். முன்சக்கரம் லேசாயிடும். வளைவுல திருப்பினா திரும்பாது." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, வானிலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு அவள் பிக்கப்பின் கதவைத் திறந்தாள். மலைப் பாதையில் எத்தனை வளைவு என்று லேபிள்காரர் எண்ணத் தொடங்கி, நாலாவதுக்கு மேல் எண்ண முடியாமல், பிக்கப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். இரண்டு காதும் எரிந்தன.

"அது நூத்தி எண்பது இல்ல. இருநூறு."

"எது?"

"அந்த வட்டம்... நான் அடிச்சது. பத்து கிலோ வச்சா ஒன்பதுன்னு காட்டும். கேக்குக்காகத்தான். நீ போகாதம்மா."

அவள் இறங்கி வந்தாள். எடை மெஷினைத் தூக்கி வெயிலில் பிடித்தாள். குட்டி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். திட்டு விழும் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"அப்போ என்னோட ஏழு கிலோ?"

லேபிள்காரர் தரையைப் பார்த்தார். எழுபதாக இருந்தாலும் அறுபத்துமூன்றாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அதைச் சொல்லலாமா என்று யோசித்தார். நேரம் சரியில்லை என்று விட்டுவிட்டார்.

அவள் வைஸைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். கனமான தையல் மெஷின் ஒன்றையும் ஒரு முழம் பின்னுக்கு நகர்த்தினாள். கொக்கியைக் கழற்றி மறுபடி மூக்கைப் பலகையில் இறக்கினாள். முள் ஐம்பத்துநான்கு. மூன்றால் பெருக்கி, ஒன்பதால் வகுத்து, பத்தால் பெருக்கினாள். சரியாக நூற்று எண்பது. கொக்கியை மாட்டி, சங்கிலியைக் கோத்து, தெருமுனைவரை ஒரு சுற்று ஓட்டிப்பார்த்தாள். ஆட்டத்துக்குக் காரணம் கொக்கிப் பந்தின் உயரம்தான் போல; வால் ஆடவில்லை, முன்சக்கரமும் சொன்ன பேச்சைக் கேட்டது.

திரும்பி வந்து ஜன்னல் வழியாக எடை மெஷினை அவரிடம் நீட்டினாள். "குளியலறையில இருந்த இடத்துலயே வைங்க."

"பழைய வட்டத்தைப் போட்டுடறேம்மா. பத்திரமா வச்சிருக்கேன்."

"வேணாம். அடுத்த மாசம் தங்கச்சி வர்றா. அதுவரைக்கும் இதே இருக்கட்டும்." கியரைப் போட்டாள். "உங்களுக்கு மட்டும் நான் ஒன்பதால வகுத்து பத்தால பெருக்கிக்கறேன்."