அக்காவுக்காகத் தின்ற பண்டங்கள்

இங்கிலாந்தின் விமான நிலையம் ஒன்றில், பைகளைச் சோதிக்கும் மேசையை மறித்துக்கொண்டு, ஒரு போத்தல் லெமன் கேர்டைக் கோப்பி கலக்கும் மரக்குச்சியால் வழித்து வழித்துத் தின்ற ஐம்பத்தைந்து வயது ஆள் நான்தான். லெமன் கேர்ட் என்பது எலுமிச்சம்புளியும் முட்டையும் வெண்ணெயும் சீனியும் சேர்த்துக் காய்ச்சிய மஞ்சள் களி. ஆங்கிலேயர் அதைப் பாண் துண்டில் பூசிச் சாப்பிடுவார்கள். சோதனை செய்த பெண் அது திரவம் என்றார். திரவமே இல்லை, கவிழ்த்தாலும் வழியாது என்று வாதாடிய நான், மூடியைத் திறந்து கவிழ்த்தும் காட்டினேன். வழிந்தது. அப்படியானால் இங்கேயே சாப்பிட்டுவிடுகிறேனே என்றேன். அவருடைய சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு விதி இருந்திருக்காது. மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றார். சற்றுத் தள்ளி ஒரு வாங்கில் இருந்து சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த என் அக்கா, சுற்றியிருந்த சனத்தைப் பற்றிய கூச்சம் எதுவுமின்றி உரக்கக் கேட்டாள்: "டேய் தம்பி, எப்பிடி இருக்கு? விழுங்க முந்திச் சொல்லு!"

அவளுக்காகத்தான் தின்றேன். அக்காவுக்கு மணமும் ருசியும் போய்விட்டன. ஒரு காய்ச்சலோடு போனவை திரும்பி வரவில்லை. இனிப்பு, உப்பு என்று ஏதோ ஒன்று தூரத்தில் நிற்பது தெரியுமாம். அது மாம்பழமா மருந்தா என்று சொல்லத் தெரியாதாம். அந்தப் பயணம் முழுவதும் அவள் மென்றாள், நான் ருசித்தேன்.

எனக்கு இங்கிலாந்து காது வழியாக வந்த ஒரு சாப்பாட்டுக் கடை. யாழ்ப்பாணத்தில் அக்கா படித்த பள்ளிக்கூடத்து நூலகத்தில் ஆங்கிலச் சிறுவர் கதைகள் இருந்தன. அந்தக் கதைகளில் வரும் பிள்ளைகள் கள்ளரைப் பிடிப்பார்கள், குகைகளுக்குள் நுழைவார்கள். ஆனால் எந்தக் குகைக்கும் சாப்பாட்டுக் கூடை இல்லாமல் போகமாட்டார்கள். ஊரடங்குப் பிற்பகல்களில் அக்கா அவற்றை வாசித்து எனக்குத் தமிழில் சொல்லுவாள். கள்ளர் அகப்பட்டார்களா என்பதில் எங்கள் இருவருக்குமே அக்கறை இருந்ததில்லை. கூடையைத் திறக்கும் பக்கம் எப்போது வரும் என்பதுதான் கதை. ஸ்கோன் என்பது எங்களுடைய பேக்கரிப் பணிசுக்குப் பெரியப்பா மகன் முறை என்றாள். கிளொட்டட் கிரீம் பாலாடை. ட்ரீக்கிள் கித்துள் மரத்துப் பாணி. இவற்றில் ஒன்றையும் அவள் கண்ணால் கண்டதில்லை என்பது எனக்கு நெடுங்காலம் தெரியாது. அத்தனை நிச்சயமாகச் சொல்லுவாள். வெளிப்பக்கம் மொறுமொறுத்து உள்ளே பஞ்சாக இருக்கும் என்பாள். சூட்டில் வெண்ணெய் உருகி விரலிடுக்கால் முழங்கை வரை ஓடும் என்பாள். நான் என் முழங்கையைப் பார்ப்பேன். "பெரிசா வளந்தாப் பிறகு போய், ஒரு மேசையிலை இருந்து, எல்லாத்தையும் ஒண்டொண்டாச் சாப்பிடுவம்" என்பதுதான் ஒவ்வொரு கதைக்கும் அவள் வைத்த முடிவு. மூலத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்பதைப் பிற்காலத்தில் வாசித்தபோது கண்டேன்.

வளர்ந்தோம். இருவரும் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தோம். அக்கா சில்க்போர்க்கில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். எனக்குப் பிராண்டேயில், காற்றாலைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில், கணினியின் முன் அமர்ந்து யோசிப்பதுபோல் தோன்றும் வேலை. இலண்டன் கூப்பிடு தூரம். கோடைக்குக் கோடை போனோம். ஆனால் எங்கள் ஆட்கள் இலண்டனுக்குப் போவதை வெளிநாட்டுப் பயணம் என்று சொல்வது பயணம் என்ற சொல்லுக்குச் செய்யும் அநியாயம். அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சாப்பிடப் போவது. காலையில் ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டில் இடியப்பம், மத்தியானம் சித்தி வீட்டில் ஆட்டிறைச்சியும் சோறும், பின்னேரம் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் வடை, இரவு புட்டு. ஒரு வீட்டில் சாப்பிட்டு மறுவீட்டில் தேத்தண்ணியோடு எழும்பினால் அந்த மனத்தாங்கல் அடுத்த தலைமுறைக்கும் போகும். கடையில் சாப்பிட்டதாகத் தெரிந்தாலோ, "ஏன், எங்கடை வீட்டிலை உலை வைக்கிறேல்லையோ?" என்று கேட்டுவிட்டு, அதற்குத் தண்டனையாக இன்னும் இரண்டு அகப்பை போடுவார்கள். மகாராணி ஆண்ட நாட்டில் பத்துப் பதினைந்து கோடைகள் திரிந்தும், ஆங்கிலேயர் சமைத்த ஒரு கவளம் எங்கள் வாயில் பட்டதில்லை.

ஒரே ஒரு தடவை நெருங்கினோம். இலண்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊர். கார் நிறுத்த இடம் தேடித் திரிந்தபோது அகப்பட்ட தேநீர்க் கடை. கண்ணாடிக்குப் பின்னால் தட்டு நிறைய ஸ்கோன்கள், பக்கத்தில் சின்னக் கிண்ணங்களில் கிரீமும் ஜாமும். அக்கா கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு, "டேய், பெரியப்பா மகன்!" என்றாள். கதவின் பிடியில் அவள் கை இருந்தது. அப்போது என் தொலைபேசி அடித்தது. அண்ணரின் மனைவி. "எங்கை நிக்கிறியள்? இடியப்பம் ஆறுது! பிள்ளையளும் சாப்பிடாமல் பாத்துக்கொண்டு நிக்குதுகள்." நான் அக்காவைப் பார்த்து, "அடுத்தமுறை வருவம் அக்கா" என்றேன். அவள் பிடியை விட்டாள். "ஓம், கடை எங்கை ஓடப்போகுது" என்றாள்.

கடை ஓடவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு நான் இணையத்தில் தேடிப் பார்த்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது.

ருசி போன செய்தியை அக்கா எனக்குச் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் வெங்காயம் கருகி வீடெல்லாம் மணத்தது. அக்கா அதன் முன்னாலேயே நின்று, அகப்பையால் கிளறியபடி என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாள். வைத்தியர் பொறுத்துப் பார்க்கச் சொன்னாராம். பொறுத்தாள். வருடம் திரும்பிய பிறகு வைத்தியரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார். "என்ன பெரிய நட்டம்? என்ரை சமையலை நானே சாப்பிடுறன், ருசி தெரியாதது நல்லம்தானே" என்று சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் அழவேண்டிய இடங்களில் பகிடி விடும் வியாதி பரம்பரையாக உண்டு. இந்த எழுத்தைப் படிப்பவர்கள் கவனித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் பயணச்சீட்டு வாங்கினேன். வீடு எரிந்து முடிந்தபின் கிணறு வெட்டுபவனின் சுறுசுறுப்போடு வாங்கினேன். முதலில் அயர்லாந்து, காரணம் அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. பிறகு, இலண்டன் சொந்தக்காரருக்குத் தெரியாமல், கள்ளத்தனமாக இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. முகநூலில் ஒரு படமும் போடக்கூடாது என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டோம். "எனக்கு எதுக்கடா இப்ப?" என்று அக்கா கேட்டாள். "நான் ருசிச்சுச் சொல்லுறன்" என்றேன். நான் சின்னவனாக இருந்தபோது அவள் ருசிக்காமலே சொன்னாளே, என்னால் ருசித்தாவது சொல்லமுடியாதா என்று ஒரு வீறாப்பு.

முடியவில்லை. அயர்லாந்தில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரி காலையில் சோடா ரொட்டி சுட்டு, உப்பு வெண்ணெயோடு வைத்தார். நான் கண்ணை மூடி மென்று, "நல்லா இருக்கு அக்கா" என்றேன். "அது எனக்கும் தெரியும். எப்பிடி நல்லாயிருக்கு?" என்றாள். யோசித்தேன். புத்தகங்களோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவன், கூட்டங்களில் மேடையேறி இலக்கியம் பேசியவன், ஒரு துண்டு ரொட்டியின் முன்னால் வாயடைத்துப் போனேன். மோர் புளிப்பு, மண்வாசம் என்று எதையோ உளறினேன். "மண்ணையோ தின்னுறாய்?" என்றாள். அடுத்து, கறுப்பு வட்டமாய் வெட்டிப் பொரித்த இறைச்சிக்கட்டி வந்தது. அது பன்றி இரத்தத்தில் செய்தது என்று வீட்டுக்காரி விளக்கியதும் அக்கா தட்டை என் பக்கம் தள்ளினாள். "ருசி தெரியாட்டியும் ரத்தம் எண்டு தெரியும்தானே." ஓட்ஸும் மிளகும் கலந்த அதன் ருசியை நான் இரண்டு துண்டுகளில் ஆராய்ந்தேன். அவளுக்குப் பிடித்தது தேன்கூடு போலத் துளைதுளையாய் இருந்த மஞ்சள் டொபி. கடித்தால் காதுக்குள் உடைந்தது. "இது கேக்குது!" என்று பை முழுவதையும் கடித்தே முடித்தாள். ஒரு கடையில் ஜிஞ்சர் பியரைக் குடித்துவிட்டு இஞ்சியின் எரிவில் அவள் இருமியபோது, கண்ணில் தண்ணீரோடு, "உறைக்குதடா, உறைக்குது!" என்று என் தோளில் அடித்தாள். அந்த ஒரு நாள் நான் ஏதோ சாதித்தவன்போல நடந்து திரிந்தேன்.

அந்தத் தேநீர்க் கடைக்குப் போகவில்லை. இலண்டனுக்கு மிகக் கிட்ட; ஆரும் கண்டால் இடியப்பம் அவித்துவிடுவார்கள். வேறொரு கடற்கரை ஊரில், பூப்போட்ட மேசைவிரிப்பின்மேல், ஸ்கோனும் கிரீமும் ஜாமும் வந்தன. பரிமாறியவர் பிளந்து தின்னச் சொன்னார். அக்கா தன்னுடையதைக் கவனமாகப் பிளந்து, ஜாம் பூசி, கிரீமை வைத்து, வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள். ஆவி அவள் முகத்தில் பட்டது. நான் என்னுடையதைக் கடித்தேன். அது அவள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. கிரீம் பாலாடையேதான், அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த கொழுத்த பாலாடை. அவள் ஒன்றையும் காணாமல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருந்தாள். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"எல்லாம் நீ சொன்ன மாதிரித்தான் அக்கா."

"பொய்."

"உண்மையா."

தட்டில் சிந்திய துகள்களை விரலால் ஒற்றி எடுத்தாள். பிறகு, "அண்டைக்கு அந்தக் கதவைத் திறந்திருக்கலாம், என்ன?" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். நான் மற்ற ஸ்கோனையும் எடுத்துக் கடித்தேன்.

டென்மார்க்குக்குத் திரும்பிய அன்று, சில்க்போர்க்கில் அக்கா வீட்டுக் குசினி மேசையில் பெட்டிகளைத் திறந்தோம். விமான நிலையத்தில் தப்பிய தகரங்களும் போத்தல்களும் பிஸ்கட் பொதிகளும் வரிசையாக அடுக்கப்பட்டன. அக்காவின் மகள் வந்திருந்தாள். இங்கே பிறந்தவள், மருந்தகம் ஒன்றில் வேலை. நாங்கள் எத்தனை வருடம் காத்திருந்து, எந்தெந்த ஊரெல்லாம் தேடி இவற்றைக் கொண்டுவந்தோம் என்பதைக் கொஞ்சம் கூட்டியே அவளுக்கு விளக்கினேன். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு டேனிஷில் ஏதோ தொடங்கினாள். தாய் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் தமிழுக்கு மாறினாள்.

"மாமா, இதெல்லாம் இஞ்சை எங்கடை தெருச் சுப்பர்மார்க்கெட்டிலையே இருக்கே, மா வைக்கிற தட்டுக்குப் பக்கத்திலை. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கையும் இருந்தது. அம்மா ஒருநாளும் கேக்கேல்லையே."