ஓம், பாப்பம்

சுதாஜினிக்கு 'இல்லை' என்ற சொல் மட்டும் வாயில் வரவே வராது. மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறவளுக்கு அது நல்ல குணம்தான். வாசல் மாறிவிட்டது, திரும்பத் தள்ளு என்றால் ஓம். இன்னொரு கிழவரையும் கூட்டி வா என்றால் ஓம். ஆனால் வீட்டிலும் ஓம், சொந்தத்துக்கும் ஓம் என்று திரிந்தால் மனுசி உருப்படுவதெப்படி? மனமில்லாத இடத்தில் தப்பிக்க அவளிடம் ஒரேயொரு வழி இருந்தது. "ஓம், பாப்பம்." கேட்க 'ஆம், பார்க்கலாம்' போலத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித்தர வேண்டாம், அது சத்தம் போடாமல் கதவைச் சாத்துகிற வேலை. சீட்டுக் கட்ட வா என்றாலும், பிறந்தநாள் விழாவுக்கு வா என்றாலும், "ஓம், பாப்பம்" என்றால் மரியாதையாக மறுத்தாயிற்று. கேட்டவரும் மறுபடி கேட்கமாட்டார்.

இந்த முறை கேட்டவர் அண்ணன் யோகராசா. அங்கேதான் வினை தொடங்கியது.

தாய் தகப்பன் இல்லாமல் நின்ற தங்கச்சியைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர். முதலில் மொன்றியலில்தான் இருந்தார். பிரெஞ்சு நாக்கில் ஏறவில்லை என்று ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தார். அவள் மொன்றியலிலேயே, கோட்-டெ-நெய்ஜில் ஒற்றை அறை எடுத்துத் தங்கிவிட்டாள். வேலை முடிந்த கையோடு பல்கலைக்கழகத்துக்கு ஓடிச் சட்டம் படித்தாள். ஒப்பந்தச் சட்டத்தை இரண்டாம் முறையாக எடுத்திருந்தாள். முதல் முறை பாடம் விளங்கியது, பிரெஞ்சுதான் காலை வாரியது.

வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அண்ணனின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, சாப்பாட்டுக்கடை ஒண்டு துறக்கிறன். நீ இங்கை ரொறன்ரோவுக்கு வந்து நிண்டால்தான் சரிவரும். வீட்டிலை கீழ் அறை உனக்குத்தான்."

"ஓம் அண்ணை, பாப்பம்," என்று வைத்துவிட்டாள். முடிந்தது அலுவல் என்றுதான் நினைத்தாள்.

எங்கே முடிந்தது! அடுத்த கிழமை மறுபடி தொலைபேசி எடுத்தார். "வாற சனிக்கிழமை வான் கொண்டு வாறன். சாமானைக் கட்டி வை."

"அண்ணை, நான் இங்கை படிக்கிறன்..."

"சட்டம் எங்கையும் சட்டம்தானே. இங்கை வந்து படி."

எங்கேயும் சட்டமாம்! மொன்றியல் இருக்கிற கியூபெக்கின் ஒப்பந்தச் சட்டம் வேறு, ரொறன்ரோ இருக்கிற ஒன்ராரியோவினது வேறு. இங்கே மனனம் செய்ததெல்லாம் அந்த எல்லையைத் தாண்டினால் பாதிக்கு மேல் வீண். அதை அவருக்குச் சொல்ல வாய் திறந்தாள். வந்தது என்னவோ "ம்" தான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியில் உடுப்பை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். சோறு ஆறிக் கிடந்தது. விமான நிலையத்தில் ஒரு பயணியைப் பிழையான வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏச்சு வாங்கினாள். கூப்பிட்டு ஆளாக்கியவருக்கு இல்லை என்று சொல்லுகிற நாக்கு அழுகாதா? சொல்லாவிட்டால் இந்தப் படிப்பு என்னாவது? இரண்டும் அவளைப் பிய்த்துத் தின்றன.

வியாழக்கிழமை வகுப்பில் பாடம் வேறு எதுவுமில்லை, ஒப்பந்தம் எப்படிப் பிறக்கிறது என்பதுதான். "பெரும்பாலும் காகிதமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்," என்றார் பேராசிரியை. "ஒருவர் கேட்க, மற்றவர் மனமொத்து ஏற்றால் போதும்." வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காத சுதாஜினி கையைத் தூக்கினாள்.

"எங்கள் மொழியில் ஒரு பதில் இருக்கிறது. ஆம், பார்ப்போம். அது ஏற்றுக்கொண்டதாகுமா?"

வகுப்பே சிரித்தது. "என் மாமியாரும் அப்படித்தான் சொல்வார்," என்று பேராசிரியையும் சிரித்தார். "ஏற்பு தெளிவாக இருக்க வேண்டும். இது தெளிவில்லை. ஆனால் கேட்டவர் அதை எப்படி விளங்கிக்கொண்டார் என்றும் பார்க்க வேண்டும். அவர் உங்கள் மொழி தெரியாதவரா?"

"நோன்," என்று பிரெஞ்சிலேயே மறுத்தாள் சுதாஜினி. "அவரும் எங்கள் ஊர்தான்."

"அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்குமே."

பேருந்தில் வரும்போதுதான் இரண்டு விசயம் உறைத்தது. பிரெஞ்சில் அந்த 'இல்லை' எவ்வளவு லேசாக வந்தது! அதைவிட, கோயில்காரர் நிர்வாகத்துக்கு வரச்சொல்லிக் கேட்டபோது அண்ணன் என்ன சொன்னார்? "ஓம், பாப்பம்." பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கள்ளன்! எல்லாம் தெரிந்த கள்ளன்! அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கியது.

சனிக்கிழமை காலை வான் வந்து நின்றது. யோகராசா மேலே ஏறி வந்தார், போட்ட தேத்தண்ணியை நின்றபடி குடித்தார், கட்டியிருந்த ஒரேயொரு பெட்டியைத் தூக்கினார்.

"மிச்சம் எங்கை?"

"அண்ணை, ஓம் பாப்பம் எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

அவர் பெட்டியோடு நின்றார். முகம் சிறுத்துப்போனது.

"தெரியும்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"நீ இல்லையெண்டு சொல்லமாட்டாய் எண்டும் தெரியும்."

இத்தனை வருசமும் நல்லபிள்ளை என்று தலை தடவிய கைக்குள் இதுவா இருந்தது? ஆனாலும் அந்தச் சொல் வந்தது.

"இல்லை அண்ணை. நான் வரேல்லை."

"உன்னைக் கூப்பிட்டது நான், சுதா."

"ஓம், நீங்கள்தான். சாகுமட்டும் மறக்கமாட்டன். ஆனா வரேல்லை."

யோகராசா பெட்டியை மெல்ல நிலத்தில் வைத்தார். தங்கச்சியைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார்.

"சரி சரி... பிறகு பாப்பம்."

"பாக்க ஒண்டுமில்லை அண்ணை," என்றாள் சுதாஜினி. அழுதுகொண்டேதான் சொன்னாள்.