அந்த ஜெபத்தில் ஜித்தோ இல்லை

சபையாரே, பெய்ரூட்டில் நான் வேலை செய்த வீடு ஏழாம் மாடியில் இருந்தது. சண்டை தொடங்கியதும் தெருவே காலியானது. நாங்கள் மட்டும் போகவில்லை. மேடமுடைய அப்பா படுத்த படுக்கை. அவரை ஜித்தோ என்று கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் தாத்தா. கரண்ட் இல்லாமல் லிஃப்ட் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கப் பார்த்தோம், வலி தாங்காமல் அலறினார். அப்பாவை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று மேடம் சொல்லிவிட்டார். என் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருந்தது. நான் எங்கே போவேன்?

கண்ணாடி சிதறாமலிருக்க ஜன்னல்களைத் திறந்தே வைத்தோம். மேடம், இரண்டு பிள்ளைகள், ஜித்தோ, நான், எல்லாரும் நடைவழியில் மெத்தை போட்டுக் குளிரில் நடுங்கிக் கிடந்தோம். கரண்ட் வரும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பிடிப்பேன், சமைப்பேன், ஜித்தோவைத் துடைத்து உடுப்பு மாற்றுவேன். தலைக்கு மேலே ட்ரோன், தோட்டத்தில் புல் வெட்டுகிற மெஷின் போல ஓயாமல் இரையும். குண்டுச் சத்தம் கேட்டாலே சின்னவன் படுக்கையை நனைத்துவிடுவான். துவைத்தது காயாது.

ஒருநாள் இங்கே நம்ம உக்குவளையிலிருந்து என் மகள் போனில் பேசும்போது அங்கே பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்தது.

"அங்க மழையாம்மா? இடி இடிக்குது."

"ஆமா தங்கம், நல்ல மழ."

போனை வைத்துவிட்டுக் குளியலறையில் முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரே, எப்படியாவது என்னை இந்த வீட்டிலிருந்து வெளியே எடும், என் பிள்ளையிடம் சேர்த்துவிடும் என்று கதறினேன். வேறு யாருக்காகவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை தேத்தண்ணீர் ஊட்டப் போனேன். ஜித்தோ வாய் திறக்கவில்லை. உடம்பு குளிர்ந்திருந்தது. அதே நாற்காலியில் வைத்துத்தான் கீழே இறக்கினோம். இந்த முறை அவர் அலறவில்லை.

அடக்கம் முடிந்ததும் மேடமின் தம்பி எங்களைக் காரில் மலைப்பக்கம் கூட்டிப் போனார். மேடம் அழுதுகொண்டே என் பாஸ்போர்ட்டைக் கையில் தந்தார். கொஞ்ச நாளில் அந்தக் கட்டடம் குண்டு விழுந்து தரைமட்டமானது, நான் ஊர் வந்து சேர்ந்தேன்.

உன் ஜெபம் கேட்கப்பட்டது என்று நீங்களெல்லாம் சொல்கிறீர்கள். கேட்கப்பட்டதுதான். ஆண்டவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஆனாலும் இங்கே வானம் இடித்தால் நான்தான் இப்போது மகளிடம் ஓடுகிறேன். "மழதாம்மா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். அவர் கேட்கிறார். அதனால்தான் சொல்கிறேன், ஜெபிக்கும்போது பக்கத்தில் படுத்திருப்பவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.