மோகியின் நகவெட்டி

"வெட்டாத. அப்படியே வெச்சிட்டு நில்லு."

மோகி தூண்டில் ரீலை மடியில் போட்டுக்கொண்டு, நெற்றியில் இருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கி, குரோஷா ஊசியால் நரம்புச் சிக்கின் அடியில் ஒரு வளையத்தைத் தேடிப் பிடிக்கிறாள். பக்கத்தில் கால் ரொட்டியைக் குடைந்து ஊற்றிய பீன்ஸ் கறி ஆறிக்கொண்டிருக்கிறது. எதிரே பெக்கி, கையில் மடக்குக் கத்தியோடு, பஸ்ஸுக்கு நேரமாகிற தவிப்பில் காலை மாற்றி மாற்றி நிற்கிறான்.

"அக்கா, இது சிக்கு இல்ல, குருவிக்கூடு. வெட்டி எறிஞ்சிட்டுப் புது நரம்பு சுத்தி விடுங்க."

"குருவிக்கூடுன்னா உள்ள குருவி இருக்கணும்ல? பாத்துட்டுச் சொல்றேன்."

"குருவி முட்டை போட்டுக் குஞ்சு பொரிச்சுப் பறந்தே போயிருக்கும். நீங்க இன்னும் தேடிட்டு இருக்கீங்க."

"உனக்கு வீசத் தெரியுது, நிறுத்தத் தெரியல. அதுக்கு என்னை எதுக்குடா அவசரப்படுத்துற?"

பெக்கி கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொள்கிறான். இந்தக் கடையில் ஸூலுக்காரர்களுக்கும் அவள் அக்காதான்.

தென்னாப்பிரிக்கக் கடலோர ஊரான உம்கோமாஸின் கடைத்தெருவில் தூண்டில் சாமான் விற்கும் இந்தக் கடையில் மோகிக்கு இது இருபத்தாறாவது வருஷம். முழுப்பெயர் மோகாம்பரி. அந்தப் பெயரால் அவளைக் கூப்பிடுகிறவர் கோயில் பூசாரி ஒருவர்தான், அதுவும் அர்ச்சனைக்கு. வயது ஐம்பத்து நாலு. பஸ் ஓட்டும் கணவரின் பழைய நீலச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு வேலை செய்வாள். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு நகவெட்டி தொங்கும். புது நரம்பில் முடிச்சுப் போட்டதும் மிச்ச நுனியைக் கிள்ளுவதற்கு அது. அதற்கு மட்டும்தான். தாலிக்கயிறும் நகவெட்டிக் கயிறும் நாளுக்கு நாலு தடவை பின்னிக்கொள்ளும். அதையும் உட்கார்ந்து பொறுமையாகப் பிரிப்பாள்.

கடைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கேட்பது "என்ன வேணும்" அல்ல, "எங்க நிக்கப் போற?" அதற்குப் பிறகுதான் அலமாரிப் பக்கம் கண் போகும். வாசல் நிலையில் ஒரு பாத்திரம் துடைக்கும் துணி தொங்குகிறது. அது எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ரீலைத் தொடுவாள். வடகிழக்குக் காற்று முகத்தில் அடிக்கிற நாளில் இலேசான ஈயக்குண்டு கேட்டால் தரமாட்டாள். "எறிஞ்சா உன் காலடியிலயே வந்து விழும், நாய்க்குட்டி மாதிரி."

ஒருமுறை ஜோஹன்னஸ்பர்கிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், கடையிலேயே விலை கூடிய ரீலைக் காட்டி அதைக் கொடு என்றார்.

"பாறையா, மணலா?" என்றாள் மோகி.

"கடல்."

"கடல்னு தெரியும் சார். நீங்க நிக்கிற எடம்?"

அவருக்குத் தெரியவில்லை. பாறைக்குப் போகிறவர் என்றால் தடித்த நரம்பு வேண்டும், சிப்பி அறுத்துவிடும். பின்னல் நரம்பு பலம்தான், ஆனால் பாறையில் ஒரு உரசல் பட்டால் போச்சு. மணலில் நின்று அலைக்கு அப்பால் எறிய வேண்டுமென்றால் கம்பு நீளம், நரம்பு மெல்லிசு. பாறை இடுக்கில் சும்மா இறக்கிப் பிடிக்க ஒன்பதடிக் கம்பு போதும், பதினாலடி இடிக்கும். இதையெல்லாம் சொல்லி முடித்து, அவர் கேட்டதில் கால்வாசி விலைக்கு ஒரு குட்டைக் கம்பைக் கையில் கொடுத்து அனுப்பினாள். முதலாளி உள்ளேயிருந்து தலையில் அடித்துக்கொண்டார். "உங்களுக்குப் பிடிச்சத எடுக்காதீங்க. தண்ணி கேக்கறத எடுங்க" என்பது அவள் வாயில் ஓயாத வார்த்தை.

புரட்டாசியில் பாதி ஊர் மீன் தொடாது, கடையும் தூங்கும். அது முடிந்தாலும் ஷேட் மீன் பிடிக்க நவம்பர் கடைசி வரை தடை. பிறகு டிசம்பர் ஒன்றாம் தேதி விடிகிறபோது, தெற்குக் கரை முழுக்க மனிதர்கள் மணலில் தோளோடு தோள் வரிசை கட்டி நிற்பார்கள். ஆளுக்கு நாலு மீன்தான், ஆனால் அந்த நாலுக்காக வருஷம் பூராவும் பேசியிருப்பார்கள். வரிசைக்கு ஒரே சட்டம்: நேராக எறி. கோணலாக எறிந்து இன்னொருவன் நரம்பில் சிக்க வைத்தால் முதல் தடவை முறைப்பார்கள், இரண்டாவது தடவை கத்துவார்கள், மூன்றாவது தடவை மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். அதைச் சொல்வதற்கென்றே ரோனி என்று ஒருவன் இருக்கிறான். அவனுக்கு யாரும் அந்தப் பதவியைக் கொடுக்கவில்லை. தொண்டை இருக்கிறது, எடுத்துக்கொண்டான்.

மோகிக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு. தெற்குக் கோடியில், பாறையை ஒட்டி. இருபது வருஷமாக அதில் வேறு யாரும் நின்றதில்லை. இருபது வருஷத்தில் அவள் ஒரு முழம் நரம்பைக் கூடக் கடலுக்குக் கொடுத்ததில்லை என்று ஊரில் பேச்சு. அவள் அதை மறுப்பதும் இல்லை.

போன நவம்பரில் பூபாலன் தன் ஸ்கார்பரோவைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். ஸ்கார்பரோ என்பது சாப்பாட்டுத் தட்டளவு பெரிய மரச்சக்கரம். பல் கிடையாது, பிரேக் கிடையாது. எறியும்போது சக்கரம் பேய் பிடித்தாற்போல் சுழலும், இடது கை விரல்களால் விளிம்பைத் தடவித் தடவித்தான் அடக்க வேண்டும். கை தெரிந்தவனுக்கு அதைப் போல ஒன்று இல்லை. உப்பும் மணலும் அதை ஒன்றும் செய்யாது. பூபாலனுக்குக் கை தெரியும். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷம் அந்த வரிசையின் நடுவில் நின்றவர்.

"தங்கச்சி மவன் எடுத்துட்டுப் போய் இப்படிப் பண்ணிட்டான் மோகி. நரம்புதான் சரியில்ல போல. தடிப்பா ஒண்ணு சுத்திக் குடு."

அது மூன்றாவது தடவை. முதலில் வந்தபோது ஒரு சுற்றுத் தடித்த நரம்பு கேட்டார், அடுத்த வாரம் அதைவிடத் தடிப்பாக. ஸ்கார்பரோக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான்: சிக்கு விழுந்தால் நரம்பைத் திட்டுவார்கள், காற்றைத் திட்டுவார்கள், கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திட்டுவார்கள். மோகி சிக்கைப் பிரித்துக்கொண்டே போனாள். அது எறிந்த மாத்திரத்தில், முதல் சுற்றிலேயே விழுந்த சிக்கு. விளிம்பில் விரலே படவில்லை. பூபாலனின் இடது கை பேன்ட் பைக்குள்ளேயே இருந்தது. ஜூனில் அவருக்குப் பக்கவாதம் வந்து தேறியது ஊருக்கே தெரியும், கை தேறவில்லை என்பது மட்டும் தெரியாது.

இரண்டாவது தடவையே மோகிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் திறக்காமல் நரம்பை விற்றாள். அதற்காக இன்னும் தன்னைத் திட்டிக்கொள்கிறாள்.

"அண்ணா, கைய வெளிய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கண்ணா."

எடுத்து மேஜைமேல் வைத்தார். மோகி குரோஷா ஊசியால் சுண்டுவிரலை மெல்லத் தொட்டாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததால்தான் தொட்டது அவருக்குத் தெரிந்தது.

"நரம்பு மேல தப்பில்லண்ணா."

"தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் வாசல் துணியைப் பார்த்தார். "ஒண்ணாந் தேதி வரிசையில நிக்கணும் மோகி. மீன் கெடைக்காட்டிப் போகுது. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப அது ஒண்ணுதான் நெனச்சிட்டே கெடந்தேன். ஆனா மூணு தடவை சிக்க வெச்சா என்னையும் மூட்டை கட்டச் சொல்வானுங்க. நானே எத்தனை பேரச் சொல்லியிருக்கேன்."

மோகி எழுந்து போய் அலமாரியிலிருந்து, பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றுகிற ஒரு கிரைண்டர் ரீலை எடுத்து வந்து வைத்தாள். சக்கரம் சுழலாது, நரம்பு தானாக உருவிப் போகும், வலது ஆள்காட்டி விரல் ஒன்று இருந்தால் போதும். பூபாலன் அதைக் கையால் தொடவில்லை.

"காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷினா? நானா? இதத் தூக்கிட்டு வந்த பயலுகள எல்லாம் வாழ்நாள் பூரா நக்கல் அடிச்சவன்டி நான்."

"அடிச்சீங்க. இப்ப வாங்கிக்கங்க."

"உனக்கென்ன. உன் கையில ஸ்கார்பரோ இருக்கும்."

சுருக்கென்று குத்தியது. அவர் சக்கரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க மோகி பீன்ஸ் கறியைத் தொடவில்லை.

இரவு சமைக்கவும் இல்லை. கணவர் டின் மீனைத் திறந்து தாளித்துக்கொண்டே, "அவருக்கு வேணாம்னா விடேன்" என்றார்.

"அவருக்கு வேணும். அதான் கோவம்."

மறுநாள் கடை திறந்ததும் அவருக்கான வேலைதான். பத்தடிக் கம்பு ஒன்று, இலேசானது, நுனி வளைந்து கொடுப்பது. நீளக் கம்பை வீச இரண்டு கையும் சமமாக உழைக்க வேண்டும். இதற்கு வலது கை தள்ளினால் போதும், இடது கை பக்கத்தில் இருந்தால் சரி. நரம்பு மெல்லிசிலும் மெல்லிசு, சின்ன ஈயக்குண்டே தூரம் போகும்படி. கைப்பிடியை இடது பக்கத்திலிருந்து கழற்றி வலது பக்கம் மாட்டினாள். கம்பின் அடியைத் தாங்க இடுப்பு வாரில் ஒரு தோல் குழி. கம்பு இடது முன்கையில் சும்மா படுத்துக்கொள்ளலாம், விரலுக்கு வேலை இல்லை. இத்தனை வருஷம் தண்ணீர் கேட்பதை எடுத்துக் கொடுத்தவள், முதல் தடவையாக ஒரு கை கேட்பதை எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு ஐந்து நாள் காத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், கடை சாத்துகிற நேரத்துக்கு அவர் வந்தார். முகத்தைப் பார்க்காமல், "எங்க அந்த மிஷின்?" என்றார்.

கடைக்குப் பின்னாலுள்ள காலி மனையில், முள் கட்டாமல் வெறும் ஈயக்குண்டை எறிந்து பார்த்தார்கள். முதல் எறி வேலியில் போய் மாட்டியது. இரண்டாவது யாரோ காயப்போட்ட போர்வையில். பத்துக்கு ஏழு நேராகப் போக இரண்டு நாளாயிற்று. மிச்ச மூன்றும் எப்போதும் இடது பக்கமே இழுத்துக்கொண்டு போயின, நொந்த கை அந்தப் பக்கம் பிந்தியதால். மோகி அதை மனதில் குறித்துக்கொண்டாள். அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் முப்பதில் தென்மேற்குக் காற்று அடித்து ஓய்ந்தது. ஒன்றாம் தேதி விடியும்போது கடல் நுரையும் கலங்கலுமாக, ஷேட் மேய்வதற்கென்றே ஆற்றி வைத்தாற்போல் இருந்தது. நீர் வடக்கே இழுத்தது. பூபாலன் தன் பழைய இடத்தில், வரிசையின் நடுவில் வந்து நின்றார். அவருக்கு இடது பக்கம், வடக்கே ஒட்டிய இடத்தில், ஸ்கார்பரோவோடு மோகி வந்து நின்றாள். அவர் எறி தப்பினாலும், நீர் இழுத்தாலும், அது வந்து சேருகிற முதல் நரம்பு அவளுடையதாக இருக்கும்.

"அக்கா, பாறைப் பக்கம் காலியா கெடக்கு! வழி மறந்துட்டீங்களா?" என்று பெக்கி கேட்டான்.

"வயசாச்சு. அவ்ளோ தூரம் நடக்க முடியல."

தெற்குக் கோடி பத்தே தப்படிதான். பெக்கி அவளைப் பார்த்தான், பூபாலனைப் பார்த்தான், பிறகு கடலைப் பார்த்துக்கொண்டான்.

ரோனி கிரைண்டரைக் கண்டுபிடித்துவிட்டான். "பூபால் அண்ணே! காப்பி ரெடியா?"

வரிசை முழுக்கத் திரும்பியது. பூபாலனின் காது சிவந்தது. "எல்லாருக்கும் ரெடிடா. உனக்கு மட்டும் சக்கரை போடல" என்றார். வரிசை சிரித்தது, ரோனியும் சிரித்தான். அந்தப் பதிலை அவர் அந்த ஐந்து நாளும் வீட்டில் சொல்லிப் பார்த்திருப்பார் என்று மோகிக்குத் தோன்றியது. நெஞ்சு நிறைந்து போயிற்று.

முதல் எறி நேராகப் போனது, வெறுமனே வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கை பிந்தியது. நரம்பு இடப்பக்கம் சாய்ந்து, மோகியின் நரம்புக்குக் குறுக்கே போய் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே அவர் கம்பின் நுனி படபடவென்று குனிந்தது. மீன்.

இப்படி ஆனால் இருவரும் நடந்து வந்து, கம்புகளை மேலும் கீழுமாக மாற்றிச் சிக்கெடுக்க வேண்டும். அதற்குள் நரம்பு தொய்ந்துவிடும், தொய்ந்த நொடியில் ஷேட் தலையை உதறிக்கொண்டு போய்விடும். நல்ல கை இருப்பவனுக்கே அது கஷ்டம். அதோடு, கடைசியில் நின்ற ரோனி கழுத்தை நீட்டிக்கொண்டு, "அங்க யாருடா கோணலா..." என்று ஆரம்பித்துவிட்டான்.

மோகி சட்டைக்குள் கைவிட்டு நகவெட்டியை எடுத்தாள். தன் ரீலுக்கும் கம்பின் முதல் வளையத்துக்கும் நடுவே வைத்து ஒரு கிள்ளு. டக். நரம்பு வளையங்கள் வழியாக ஒவ்வொன்றாக ஓடி மறைந்தது.

"வருது மோகி! வருதுடி!" பூபாலன் நுனியை விட்டுக் கண்ணை எடுக்காமல், வலது கையால் மிஷினைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"விடாதீங்கண்ணா, நிதானமா" என்று சொல்லிவிட்டு, நகவெட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கம்பை நிமிர்த்திப் பிடித்து, கடலில் ஒன்றுமே இல்லாத தன் சக்கரத்தை மோகியும் மெல்லச் சுற்றிக்கொண்டே நின்றாள்.